எண்ணிக்கையா? எண்ணமா?

லாரி என்று ஒரு பூனை. அமெரிக்க நாட்டிலே ஒரு வீட்டுப் பூனை. பால் குடிக்கும், வெயில் கண்ட இடத்திலே சுருண்டு படுக்கும். 2024-ஆம் ஆண்டிலே அந்தப் பூனை கணித ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டது! பன்னிரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் அதன் பெயரில். அந்தக் கட்டுரைகளை 132 இடங்களில் மற்ற அறிஞர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று, உலகெங்கும் பல்கலைக்கழகத்தார் புரட்டிப் பார்க்கும் 'கூகுள் ஸ்காலர்' கணக்கேடு தலையாட்டிற்று.

பூனைக்குக் கணிதம் தெரியுமா? தெரியாது. கட்டுரைகளில் கருத்து உண்டா? இல்லை. கணினி கொட்டிய பொருளற்ற சொற்குவியல் அவை. அவற்றை மேற்கோள் காட்டிய 'அறிஞர்கள்' உண்டா? அவர்களும் இல்லை, பொய்ப்பெயர்கள். அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவரும் அவருடைய தோழர் ஒருவரும் சேர்ந்து நடத்திக் காட்டிய நாடகம் அது. பணம் கொடுத்தால் மேற்கோள் எண்ணிக்கையை உயர்த்தித் தருகிறோம் என்று விளம்பரம் செய்து விற்கும் கூட்டம் ஒன்று உலவுவதைக் கண்டார்கள். அந்த மோசடி எவ்வளவு எளிது என்பதைக் காட்டப் பூனையை மேடையேற்றினார்கள். பூனை ஏறிற்று, கணக்கேடு தாழ்ந்தது!

சிரிக்கிறீர்கள், தோழர்களே! நாமும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நெஞ்சில் ஒரு கேள்வி நின்றது. பூனையை அறிஞராக்கும் அதே எண், உண்மை அறிஞரை ஒன்றுமில்லாதவர் என்று சொல்லிவிடாதா? அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதானே இன்று வேலை தருகிறார்கள், பதவி உயர்வு தருகிறார்கள், ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறார்கள்?

"ஆலையிலே பாடுபடும் எனக்கு ஆராய்ச்சியாளர் கணக்கு எதற்கு?" என்று கேட்கலாம். காரணம் உண்டு. பல்கலைக்கழகம் நடப்பது நம் வரிப்பணத்தில். அங்கே படிக்கப் போகிறவன் நம் வீட்டுப் பிள்ளை. தலைமுறையில் முதன்முதலாகப் படியேறும் பிள்ளை. அந்தப் பிள்ளையின் அறிவை எந்தத் தராசில் நிறுக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? மேலும், எண்ணிக்கைக் கூலியின் சங்கதி நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற இடத்தில், கை எதை நோக்கி ஓடும், கண் எதை விட்டுவிடும் என்பது பீடி சுற்றும் தோழர்களுக்குத் தெரியும்.

முதலில் இந்தத் தராசு பிறந்த கதையைச் சொல்லிவிடுவோம்.

ஓர் ஆராய்ச்சியாளர் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் அந்தத் துறையில் உழைத்தவர்களின் கட்டுரைகளைக் குறிப்பிடுவார். "இன்னார் இதைக் கண்டார், அதன்மேல் நான் இதைக் கண்டேன்" என்பார். அதுதான் மேற்கோள். நன்றிக் கடன் என்றும் சொல்லலாம். வழிகாட்டிப் பலகை என்றும் சொல்லலாம். அமெரிக்காவில் வழக்கறிஞர்களுக்கு 1873 முதலே இத்தகைய ஏடு ஒன்று இருந்தது. ஷெப்பர்டு என்பவர் தொடங்கியது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று அதிலே பார்க்கலாம். அதைக் கண்ட யூஜீன் கார்பீல்டு என்பார், விஞ்ஞானத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். பிலடெல்பியா நகரில் நிலையம் அமைத்தார். 1964-இல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணை வெளிவந்தது.

நல்ல நோக்கம். கட்டுரைக் கடலிலே கரை தெரியாமல் தவிப்பவனுக்குக் கலங்கரை விளக்கம். அதை நாம் குறை கூறவில்லை. பாராட்டுகிறோம்.

ஆனால் விளக்கைத் தராசாக்கினார்கள் பின்னால் வந்தவர்கள். ஓர் இதழில் முந்திய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள், இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று கணக்கிட்டு, அதற்குத் 'தாக்க எண்' என்று பெயரிட்டார்கள். இதழ்களை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவிற்று. எந்த இதழை வாங்கலாம் என்று நூலகர் முடிவு செய்ய உதவிற்று. சரி. நாளடைவில் அந்த இதழில் எழுதிய மனிதருக்கே அந்த எண்ணைச் சூட்டினார்கள். முதல் வகுப்புப் பெட்டியில் ஏறியவனெல்லாம் முதல்தர மனிதனா? மூன்றாம் வகுப்பில் வந்தவனெல்லாம் மூன்றாந்தர மனிதனா? பெட்டிக்குப் போட்ட எண்ணைப் பயணியின் நெற்றியில் ஒட்டுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்து வந்தது தனி மனிதருக்கான எண். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர் 2005-இல் சொன்னது. 'எச் எண்' என்று பெயர். கணக்கு எளிது. ஒருவருடைய கட்டுரைகளில் இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் பெற்றிருந்தால் அவர் எண் இருபது. ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை ஒரு லட்சம் பேர் எடுத்தாண்டாலும் அவர் எண் ஒன்றுதான்! உலகை மாற்றிய ஒரு கட்டுரைக்கு ஒன்று. ஊரறியாத இருபது கட்டுரைக்கு இருபது. ஹிர்ஷ் அவர்களே 2020-இல், இந்த எண் படுதோல்வி அடையக் கூடும், தீய விளைவுகளை உண்டாக்கக் கூடும் என்று எழுதிவிட்டார். தச்சரே "இந்த நாற்காலி ஆடுகிறது" என்கிறார். ஆனால் அமர்ந்திருப்பவர்கள் எழுந்திருக்க மறுக்கிறார்கள்!

சரி, எண் சரியாகவே எண்ணப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பூனை இல்லை, பொய் இல்லை. அப்போதாவது ஒரு துறையாரை இன்னொரு துறையாரோடு இந்த எண்ணால் ஒப்பிட முடியுமா?

செங்கல் அறுப்பவர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் அறுப்பார். கிணறு வெட்டுபவர் பல மாதம் பாறையோடு போராடி ஒரு கிணறு வெட்டுவார். "நீ நூறு, அவன் ஒன்று, ஆகவே நீ உழைப்பாளி, அவன் சோம்பேறி" என்று மேஸ்திரி சொன்னால் கைகொட்டிச் சிரிக்க மாட்டோமா?

ஆராய்ச்சி உலகில் அதைத்தான் செய்கிறார்கள். 1951-இல் ஆலிவர் லௌரி என்ற அறிஞர், ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை எழுதினார். சோதனைச் சாலை தோறும் தேவைப்படும் முறை. 2014-இல் எண்ணியபோது அந்தக் கட்டுரைக்கு 3 லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள், உலகில் முதலிடம்! அது தம்முடைய பெருஞ்சாதனை அல்ல என்று லௌரியே சொன்னார். அடுத்து இன்னொன்றைப் பாருங்கள். 1953-இல் வாட்சன், கிரிக் என்ற இருவர் மரபணுவின் இரட்டைச் சுருள் அமைப்பை எழுதினார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்திலும் படம் வந்துவிட்ட கண்டுபிடிப்பு. 2014-இல் எடுத்த முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலில் அதற்கு இடமே இல்லை! ஏன்? எல்லாருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. காற்றைச் சுவாசிப்பவன் காற்றுக்கு ரசீது கொடுப்பதில்லை.

கணிதத்துக்கு வாருங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எவராலும் அவிழ்க்க முடியாத பெர்மாவின் கணக்கை ஆண்ட்ரூ வைல்ஸ் ஏழு ஆண்டு வீட்டு மாடியிலே தனியே அமர்ந்து அவிழ்த்தார். 1993-இல் அறிவித்தார். ஓட்டை ஒன்று கண்டார்கள். மேலும் ஓராண்டுக்கு மேல் போராடி அடைத்தார். 1995-இல் நிரூபணம் அச்சேறிற்று. அந்த ஏழாண்டில் "மாதம் ஒரு கட்டுரை எங்கே?" என்று யாரேனும் கதவைத் தட்டியிருந்தால்? பௌதிகத்துக்கு வாருங்கள். ஜெனிவா அருகே உள்ள பெரிய துகள் மோதல் கூடத்திலிருந்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் 5,154 பேர்! முப்பத்து மூன்று பக்கத்தில் செய்தி ஒன்பது பக்கம். மற்றவை பெயர்களும் நிலையங்களும். குற்றமல்ல, அத்தனை பேர் உழைத்தால்தான் அந்த இயந்திரம் ஓடும். ஆனால் தனியே மாடியில் அமர்ந்தவருக்கும் ஐயாயிரவரில் ஒருவருக்கும் கணக்கேட்டிலே "கட்டுரை ஒன்று" என்றுதானே விழுகிறது?

பெயர் சேர்ப்பதிலும் ஒரு வேடிக்கை. 1975-இல் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஹெதரிங்டன், கட்டுரை முழுவதும் "நாம்", "நாம்" என்று எழுதித் தட்டச்சும் செய்துவிட்டார். தனியொருவர் "நாம்" என்று எழுதினால் இதழ் ஏற்காது என்றார் நண்பர். அந்நாளில் திருத்துவது என்றால் எல்லாப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். அறிஞர் என்ன செய்தார்? தம் வீட்டுப் பூனைக்கு ஒரு புனைபெயர் சூட்டிக் கூட்டாசிரியராகச் சேர்த்துவிட்டார்! கட்டுரை வந்தது, பூனையும் அறிஞர் பட்டியலில் ஏறிற்று. நாமும் இந்தப் பகுதியில் "நாம்" என்றுதான் எழுதுகிறோம்; ஆனால் நம்மிடம் பூனை இல்லை என்று உறுதி கூறுகிறோம்.

வேடிக்கை போதும். வேதனைக்கு வருவோம்.

அங்கேரி நாட்டின் ஒரு சிற்றூர். இறைச்சிக் கடையில் வேலை செய்தவரின் மகள் கேட்டலின் கரிகோ. 1955-இல் பிறந்தவர். வீட்டிலே தண்ணீர்க் குழாய் கிடையாது. அந்த வீட்டிலிருந்து படித்து முன்னேறி, விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1985-இல் ஆராய்ச்சிக்குப் பணம் நின்றது, வேலை போயிற்று. காரை விற்றார்கள். அந்தப் பணத்தை இரண்டு வயது மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்து எடுத்துக்கொண்டு, கணவரும் அவரும் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார்கள். ஆம், மேற்கோள் அட்டவணை பிறந்த அதே பிலடெல்பியா!

உடலின் உயிரணுக்களுக்கு "இந்தப் புரதத்தைச் செய்" என்று உத்தரவு கொண்டுபோகும் தூதன் ஒருவன் உண்டு, தூது ஆர்.என்.ஏ. என்பார்கள். அந்தத் தூதனை வெளியே தயாரித்து உள்ளே அனுப்பினால் உடலே மருந்து செய்துகொள்ளும் என்பது கரிகோ கண்ட கனவு. மானியம் கேட்டு எழுதினார்; மறுத்தார்கள். மறுபடி எழுதினார், மறுபடி மறுத்தார்கள். 1995-இல் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் அவரைப் பதவியில் தாழ்த்திற்று. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். அவர் கட்டவில்லை. சோதனை மேசையை விடவில்லை.

1997-இல், இதழ்ப் பக்கங்களைப் பிரதி எடுக்கும் ஜெராக்ஸ் இயந்திரத்தருகே ட்ரூ வைஸ்மன் என்ற அறிஞரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். வெளியிலிருந்து வந்த தூதனை உடல் பகைவன் என்று எண்ணித் தாக்குகிறது. அவன் உடுப்பிலே ஒரு பொத்தானை மாற்றினால் தாக்காது என்று கண்டார்கள். 2005-இல் கட்டுரை வெளிவந்தது. நாளை முதல் தொலைபேசி ஓயாது மணியடிக்கும் என்று எதிர்பார்த்தார் வைஸ்மன். அடிக்கவில்லை! 'எச் எண்' உலகுக்கு அறிமுகமானதும் அதே 2005. மனிதரை அளக்கும் கோலைக் கொண்டாடினார்கள். மனிதரைக் காக்கும் கண்டுபிடிப்பைக் கவனிக்கவில்லை.

2020-இல் கொள்ளைநோய் உலகை உலுக்கியது. ஓராண்டுக்குள் தடுப்பூசிகள் வந்தன. அவற்றில் இரண்டு, கரிகோவும் வைஸ்மனும் கண்ட முறையில் எழுந்தவை. பல நாடுகளில் கோடிக்கணக்கானோர் அவற்றைப் போட்டுக்கொண்டனர். 2023-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு. தாழ்த்தப்பட்ட அம்மையார் உயர்ந்தார். ஆனால் தாழ்த்திய தராசு? அது இன்னும் கடைவீதியிலேதான் தொங்குகிறது.

நேர்மையாகச் சொல்லிவிடுவோம்: கரிகோவைத் தாழ்த்தியது மேற்கோள் எண் அல்ல, மானியக் கணக்கு. "எவ்வளவு பணம் கொண்டுவந்தாய்?" என்ற கணக்கு. ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். "என்ன கண்டாய்?" என்று கேட்காமல் "எவ்வளவு?" என்று கேட்பது இரண்டுக்கும் பொதுக் குணம்.

பீட்டர் ஹிக்ஸ் என்பாரையும் எண்ணிப் பாருங்கள். 1964-இல் அவர் எழுதிய சிறு கட்டுரை ஒரு துகளைப் பற்றி முன்கூட்டிச் சொன்னது. 2012-இல் ஜெனிவா அருகே அந்தத் துகளைக் கண்டார்கள். 2013-இல் நோபல் பரிசு. 1964-க்குப் பிறகு அவர் வெளியிட்டவை பத்துக்கும் குறைவு. "சென்ற ஆண்டு என்ன வெளியிட்டீர்?" என்று பல்கலைக்கழகம் கேட்கும்போது "ஒன்றுமில்லை" என்று எழுதி அனுப்பியதுண்டாம். 1980-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் சொல்லப்பட்டிராவிட்டால் வேலை போயிருக்கும் என்று கருதினார். இந்தக் காலத்தில் தமக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைக்காது என்றும் 2013-இல் கூறினார். பரிசு பெற்றவர் வாக்குமூலம் இது. தோற்றவர் புலம்பல் அல்ல.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். "எண்ணை ஒழித்தால் மறுபடி சிபாரிசு வருமே! இன்னாருக்கு மருமகன், இன்னாருக்கு மாணவன், இன்ன குலத்தில் பிறந்தவன் என்று பார்த்துப் பதவி தந்த காலம் திரும்புமே! எண்ணுக்குச் சாதி தெரியாது. எண்ணுக்கு மாமன் மச்சான் கிடையாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எண்தானே கேடயம்?"

கனமான வாதம். இதை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. மூடிய அறையிலே நாலு பேர் கூடித் தலையசைத்து ஆள் எடுத்த கொடுமையை அனுபவித்தவர்கள், எண்ணைக் கண்டதும் "அப்பாடா!" என்று மூச்சு விட்டதில் வியப்பில்லை.

ஆனால் எண் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்தா? மேற்கோள் என்பதே ஒருவகைச் சிபாரிசுதானே! நாலு பேர் மூடிய அறையில் செய்ததை, நாலாயிரம் பேர் அடிக்குறிப்பிலே செய்கிறார்கள். பெரிய சோதனைச் சாலை, பெரிய மானியம், பெரிய பெயர் உள்ளவரையே எல்லாரும் எடுத்துக் காட்டுகிறார்கள். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியல் அறிஞர் 1968-இலேயே இதைச் சுட்டிக் காட்டினார்: உள்ளவருக்கே மேலும் சேர்கிறது, இல்லாதவர் இருந்த புகழையும் இழக்கிறார். 1866-இல் செக் நாட்டு மடத்துத் துறவி மெண்டல், பட்டாணிச் செடியை வளர்த்துப் பரம்பரையின் விதியைக் கண்டு எழுதினார். அவர் பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்லர். 1884-இல் மறைந்தார். 1900-இல்தான் உலகம் கண் விழித்தது. அவர் உயிரோடிருந்த நாளில் மேற்கோளை எண்ணியிருந்தால், தோட்டக்காரர் என்றல்லவா தீர்ப்பு எழுதியிருப்பார்கள்?

ஆகவே எண் சாதி பார்ப்பதில்லை என்பது பாதி உண்மை. வசதியைப் பார்க்கிறது. மொழியைப் பார்க்கிறது. ஆம், மொழியைப் பார்க்கிறது! அந்த உலக அட்டவணைகளில் இடம்பெறும் இதழ்களில் பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். வரலாற்றுக்காரரும் மொழியறிஞரும் பல ஆண்டு உழைத்து எழுதும் நூல்களுக்கு அங்கே கிடைக்கும் இடம் மிகக் குறைவு. மயிலை சீனி. வேங்கடசாமி என்ற பள்ளி ஆசிரியர், 1940-இல் 'பௌத்தமும் தமிழும்' தந்தார். 1954-இல் 'சமணமும் தமிழும்' தந்தார். நூல் நூலாகத் தமிழ் வரலாற்றைத் தோண்டி எடுத்துத் தந்தார். இன்றும் அந்தத் துறையில் இறங்குபவர் அவர் வாசலைத் தாண்டிப் போக முடியாது. இந்தத் தராசில் அவரை வைத்துப் பாருங்கள், முள் அசையாது. குறை வேங்கடசாமியாரிடமா, முள்ளிடமா?

அப்படிப்பட்ட முள்ளைச் சட்டமாக்கினால் என்ன நடக்கும்? நம் நாட்டிலேயே நடந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கு வகுத்தது. கட்டுரைக்கு இவ்வளவு புள்ளி என்றார்கள். புள்ளி வேண்டும் என்றதும் புள்ளி விற்கும் கடைகள் முளைத்தன. பணம் கட்டினால் எதையும் அச்சிடும் போலி இதழ்கள் மழைக்கால ஈசல்போலப் பறந்தன. தான் ஏற்ற இதழ்ப் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் ஒரே வீச்சில் 4,305 இதழ்களை அந்தக் குழுவே நீக்க வேண்டி வந்தது. டாக்டர் பட்டம் பெறக் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் 2022-இல் விதியிலிருந்து எடுக்கப்பட்டது. நம் நாட்டோடு முடியவில்லை. உலகெங்கும் 2023 என்ற ஓராண்டில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளை இதழ்கள் திரும்பப் பெற்றன. கள்ளநோட்டு அடிப்பவன் குற்றவாளி, மறுக்கவில்லை. ஆனால் நோட்டை எடை போட்டுப் பொருள் தரும் கடைக்காரருக்குப் பங்கில்லையா?

கொஞ்சம் நல்ல தராசுகளும் வந்துள்ளன. அறிஞர்களை 22 துறை, 174 உட்துறை என்று பிரித்து, தம்மைத் தாமே மேற்கோள் காட்டியதைத் தனியே கழித்துப் பார்த்து, அந்தந்தத் துறைக்குள் முன்வரிசையில் நிற்கும் நூற்றுக்கு இருவரைச் சொல்லும் பட்டியல் ஒன்றை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர் அயோனிடிசும் அவருடைய தோழர்களும் 2019 முதல் வெளியிட்டு வருகிறார்கள். கிணறு வெட்டுபவரைக் கிணறு வெட்டுபவரோடு ஒப்பிடும் முயற்சி; முன்னேற்றந்தான். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் வந்ததும் வாசலில் தட்டி கட்டும் கல்லூரிகளைக் கேட்கிறோம்: அந்தப் பேராசிரியர் என்ன கண்டுபிடித்தார் என்று ஒரு வரி அந்தத் தட்டியில் எழுதக் கூடாதா? எண்ணைத் தெரிந்த ஊருக்கு எண்ணத்தைச் சொல்லக் கூடாதா?

வழி என்ன என்று கேட்போருக்கும் விடை உண்டு. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடிய இதழாசிரியர்களும் அறிஞர்களும், இதழின் எண்ணை மனிதருக்குச் சூட்டாதீர் என்று ஓர் அறிக்கை வகுத்தனர். 2013-இல் அது வெளியாயிற்று. 2015-இல் லெய்டன் நகரின் பெயரால் பத்து விதிகள் வந்தன: எண், அறிந்தோர் தீர்ப்புக்குத் துணை நிற்கட்டும், தீர்ப்பாகக் கூடாது, துறைக்குத் துறை வேறுபாடு பார், அந்தந்த நாட்டுக்கு வேண்டிய ஆராய்ச்சியைக் காப்பாற்று என்றன. கட்டுரைக்குக் காசு என்று பரிசளித்துவந்த சீனம், 2020-இல் அந்த வழக்கத்துக்குத் தடை போட்டது. ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் பல்கலைக்கழகம், நியமனத்திலும் பதவி உயர்வுத் தேர்விலும் தாக்க எண்ணைக் கைவிடுவதாக 2021-இல் அறிவித்தது. முடியாது என்பார்க்கு இவை விடை.

நாம் கேட்பதும் பெரிதல்ல. தேர்வுக் குழு, வந்தவரின் எல்லாக் கட்டுரைகளையும் எண்ண வேண்டாம். அவரே தேர்ந்து தரும் மூன்றைப் படிக்கட்டும். அந்தத் துறை அறிந்தவர் படிக்கட்டும். ஏன் எடுத்தோம், ஏன் விட்டோம் என்று காரணத்தை எழுத்தில் தரட்டும். தோற்றவர் கேட்டால் காட்டட்டும். சிபாரிசு அஞ்சுவது எண்ணுக்கு அல்ல, தோழர்களே! எண்ணை வாங்கிவிடலாம் என்று சிபாரிசு அறியும். அது அஞ்சுவது எழுதிய காரணத்துக்கு, திறந்த அறைக்கு, கேள்வி கேட்கும் பொதுமக்களுக்கு. ஏழைப் பிள்ளைக்குக் கேடயம் வேண்டும்தான். ஆனால் அட்டையால் செய்து வெள்ளி வண்ணம் பூசிய கேடயம் வேண்டாம்.

"படிக்க நேரமில்லை" என்பார்கள் பெரியவர்கள். ஒருவர் ஏழு ஆண்டு உழைத்ததைப் படிக்க ஏழு நாள் இல்லையா? படிக்க நேரமில்லாதவர் தீர்ப்பளிக்க மட்டும் எப்படி நேரம் காண்கிறார்?

ஜெராக்ஸ் இயந்திரத்தருகே நின்ற அந்த அங்கேரி அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரதி எடுத்தது படிப்பதற்கு, எண்ணுவதற்கல்ல. படித்தார், பேசினார், செய்து பார்த்தார், கண்டார். அறிவு வளரும் வழி அது ஒன்றுதான். நம் வீட்டுப் பிள்ளை நாளை சோதனைச் சாலைக்குள் நுழையும்போது, "எத்தனை?" என்று கேட்கும் குரல் வாசலிலே நிற்கும். "எதை? ஏன்? எவருக்காக?" என்று கேட்கும் குரலும் அங்கே ஒலிக்க வேண்டும். அந்தக் குரல் நம் குரலாக இருக்கட்டும்.

எண்ணுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எண்ணியபின் படியுங்கள். படித்தபின் தீர்ப்பளியுங்கள். படிக்காமல் தீர்ப்பளிப்பதானால், பூனைக்கும் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்!